மெத்தை தாங்கும் எடையும் தேக்கும் சூடும்: படுக்கைப் புண் வராமல் காக்க எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று மணி நேரம் மல்லாந்து படுத்திருந்த ஒருவரைப் பக்கவாட்டில் திருப்பியவுடன், அவருடைய முதுகின் அடிப்பகுதி பதிந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில மெத்தைகளில் அந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும். விரிப்பு லேசாகப் பிசுபிசுக்கும். கையை எடுத்துச் சிறிது நேரம் கழித்து மறுபடி வைத்தாலும் சூடு ஆறியிருக்காது. வேறு சிலவற்றில் அதே இடம் உலர்ந்து, அறையின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். அந்த மூன்று மணி நேரத்தை அவருடைய தோல் எப்படிப்பட்ட சூழலில் கழித்தது என்பதை எந்த விளம்பரத் தாளையும்விட உள்ளங்கை தெளிவாகச் சொல்லிவிடும்.

படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவருக்காக மெத்தை தேடும் குடும்பத்தார், "இது உடலின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்குமா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. உடலுக்கும் மெத்தைக்கும் நடுவே சேரும் சூடும் வியர்வையும் எந்த வழியாக வெளியேறும் என்பது மீதிப் பாதி. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே மெத்தை நல்ல பதில் தருவது அரிது என்பதால்தான் தேர்வு கடினமாகிறது. விலை கூடியதை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்ற நினைப்பும் பொய்த்துப்போகிறது.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கி நசுங்கும் தசையிலும் கொழுப்பிலும் தோலிலும் ஏற்படும் சிதைவையே படுக்கைப் புண் என்கிறோம். முதுகடி எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, பின்மண்டை ஆகிய இடங்களில் எலும்பின் மேல் சதைப்பற்று குறைவு என்பதால் அவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் இத்துறைக்கான தேசிய ஆலோசனைக் குழு 2016-இல் 'அழுத்தப் புண்' என்ற பெயரை 'அழுத்தக் காயம்' என்று மாற்றியது. தோல் கிழியாமல், வெளியே புண் என்று எதுவும் தெரியாமல், உள்ளே திசு சிதைந்திருக்கக்கூடும் என்பதைப் புதிய பெயர் உணர்த்துகிறது. கண்ணுக்குப் புண் தெரியும் நாளில் சேதம் பெரும்பாலும் பழையதாகிவிட்டிருக்கும்.

அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது 32 மில்லிமீட்டர் பாதரசம் என்ற எண் தவறாமல் வந்து நிற்கும். 1930-இல் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல் நகத்தின் ஓரத்தில் உள்ள இரத்த நுண்குழாய்களில் அளந்த அளவு அது. அதற்கு மேல் அழுத்தம் போனால் இரத்த ஓட்டம் நின்றுவிடும், அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று பின்னாளில் பலர் அதை ஓர் எல்லைக்கோடாகவே ஆக்கிவிட்டார்கள். நலமான ஒருவரின் விரல் நுனியில் எடுத்த அளவு, இரத்த அழுத்தம் குறைந்த ஒரு முதியவரின் முதுகடியில் எலும்பை ஒட்டியிருக்கும் தசைக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது. அழுத்தம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அந்த நேரத்தில் திசு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பவையும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன.

சூட்டுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். திசுவின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது உயிர்வாழத் தேவைப்படும் ஆக்சிஜனும் சத்தும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகின்றன. நசுங்கிய இரத்தக் குழாய்கள் வழியாக வரத்து குறைந்துவிட்ட வேளையில் செலவு மட்டும் ஏறுகிறது என்று பொருள். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், பன்றிகளின் தோல்மீது ஒரே அளவான அழுத்தத்தை, 100 மில்லிமீட்டர் பாதரசத்தை, 5 மணி நேரம் செலுத்தினார்கள். தோலைத் தொடும் தகட்டின் வெப்பநிலையை மட்டும் 25, 35, 40, 45 டிகிரி என்று மாற்றினார்கள். 25 டிகிரியில் சேதம் இல்லை. 35 டிகிரியில் மேல்தோல் தப்பித்தது, அடித்திசு பாதிக்கப்பட்டது. அதற்கு மேலே போகப் போக மேல்தோலும் அழிந்தது. அழுத்தமும் நேரமும் மாறவில்லை, சூடு மட்டுமே மாறியது என்பதை நினைத்துப் பார்த்தால், மெத்தையின் வெப்பத் தன்மையை அற்ப விஷயம் என்று ஒதுக்க மனம் வராது.

உடையணிந்து ஓய்வாக இருப்பவரின் முதுகுத் தோல் பொதுவாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதே முதுகு காற்றோட்டமில்லாத மெத்தையில் பதிந்து கிடந்தால், வெளியேற வழியில்லாத உடற்சூடு தேங்கி, தோலின் வெப்பநிலை உடலின் உள்வெப்பமான 37 டிகிரியை நோக்கி மெல்ல ஏறுகிறது. கூடவே வியர்வை. வியர்க்காத நிலையிலும்கூட நம் தோல் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் நீர் ஆவியாகிறது. அந்த ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் தோலின் மேலடுக்கு ஊறி மென்மையாகிறது. ஊறிய தோல் விரிப்போடு ஒட்டும். தலைமாட்டை உயர்த்தும்போது எலும்புக்கூடு கீழ்நோக்கிச் சறுக்க, தோல் விரிப்போடு ஒட்டி அங்கேயே நிற்க, இரண்டுக்கும் இடையில் உள்ள திசு இழுபடுகிறது. நேரடி அழுத்தத்தைவிட இந்த இழுபடுதல் இரத்தக் குழாய்களை எளிதில் நெரித்துவிடும். சூடும் ஈரமும் இழுவிசையும் தனித்தனி ஆபத்துகளாகப் பட்டியலிடப்பட்டாலும் படுக்கையில் அவை ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே வருகின்றன.

மெத்தைகளை ஒப்பிடும்போது எழும் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஓர் எலும்பு முனையின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்க எளிய வழி, உடலை மெத்தைக்குள் அமிழவிட்டு, எடையை அதிகப் பரப்பில் பரப்புவது. ஆனால் உடல் எவ்வளவு ஆழமாக அமிழ்கிறதோ அவ்வளவு தோல் மெத்தையால் மூடப்படுகிறது. மூடப்பட்ட தோலில் காற்றுப் படாது. அழுத்தத்தை மிக நன்றாகப் பரப்பும் மெத்தையே சூட்டை மிக நன்றாகத் தேக்கும் மெத்தையாகவும் அமைந்துவிடும் வாய்ப்பு அதிகம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகையையும் பார்க்கலாம்.

நுரை மெத்தைகள்

பாலியூரித்தேன் நுரையில் பெரும்பகுதி அசையாமல் சிறைப்பட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை அநேகமாகக் கடத்தாது. அதனால் நுரை ஒரு நல்ல வெப்பக் காப்பான். சாதாரண வீட்டு நுரை மெத்தையில் இது ஒரு குறை. எடை விழும் இடத்தில் நாளடைவில் பள்ளம் விழுந்து, உடல் கட்டிலின் பலகையையே தொட்டுவிடும் அளவுக்கு நுரை சோர்ந்துபோவது இன்னொரு குறை. மருத்துவப் பயன்பாட்டுக்கென்று தயாரிக்கப்படும் உயர்தர நுரை மெத்தையில் அடர்த்தி கூடிய நுரையும், சில வகைகளில் மேற்பரப்பில் கட்டம் கட்டமாக வெட்டிய பிளவுகளும் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே அமுங்குவதால் இழுவிசை குறைகிறது. பிளவுகள் வழியாகக் கொஞ்சம் காற்றும் நகர்கிறது. 2019-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள், புண் வரும் ஆபத்து உள்ளவர்களுக்குச் சாதாரண நுரைக்குப் பதிலாக இந்த உயர்தர நுரையைப் பரிந்துரைக்கின்றன.

மெமரி ஃபோம் என்று விற்கப்படுவது வேறு ரகம். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக 1966-இல் விமான இருக்கைகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட இந்த நுரை, உடற்சூடு பட்டதும் இளகி, உடலின் வடிவத்தையே வாங்கிக்கொள்ளும். எலும்பு முனைகளில் அழுத்தம் நன்றாகக் குறையும். ஆனால் அது இளகுவதற்கே சூடு வேண்டும். சூட்டை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான் அதன் இயங்குமுறை. குளிர்ந்த அறையில் கெட்டியாகவே இருந்துவிடுவதும் உண்டு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தானாகப் புரண்டு படுக்கக் கொஞ்சமேனும் தெம்புள்ள ஒருவரை ஆழமாகப் புதைத்துக்கொள்ளும் மெத்தையில் படுக்கவைத்தால், அவரிடம் மிச்சமிருக்கும் அசைவையும் அது பறித்துவிடும். ஒருவர் தாமாகவே உடலை அசைத்துக்கொள்வதற்கு இணையான பாதுகாப்பை எந்த மெத்தையும் தர முடியாது. மெல்லிய உடல்வாகும் குறைந்த வியர்வையும் உள்ளவருக்கு, குளிர்ச்சியான அறையில், உயர்தர நுரையின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மெமரி ஃபோம் ஏற்கத்தக்கது. காய்ச்சலில் வியர்த்துக் கிடப்பவருக்குத் தடித்த மெமரி ஃபோம் மெத்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜெல்லும் தண்ணீரும்

ஜெல் மெத்தையைக் கையால் தொட்டதும் சில்லென்று இருக்கும். கடையில் தொட்டுப் பார்ப்பவரை மயக்குவது அந்தக் குளிர்ச்சிதான். ஜெல்லுக்கு வெப்பத்தை உள்வாங்கும் கொள்ளளவு அதிகம் என்பது உண்மை. ஆனால் அது வெப்பத்தை எங்கேயும் அனுப்பிவிடுவதில்லை, சேர்த்துவைக்கிறது. சில மணி நேரம் ஒருவர் அசையாமல் படுத்திருந்தால் ஜெல் நிறைந்துவிடும். பிறகு அதுவும் உடலின் சூட்டையே திருப்பித் தரும். ஆவியை அது ஊடுருவ விடாது என்பதால் ஈரமும் தேங்கும். எனவே, அறுவை மேசையிலோ நாற்காலியிலோ குறுகிய நேரத்துக்கு ஜெல் நன்றாக உதவும். இரவு முழுவதும் படுப்பதற்கு அதையே நம்புவதானால், அவரைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் விடுபட்ட இடம் ஆற அவகாசம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் மெத்தையின் கதையும் இதை ஒட்டியதே, அளவில்தான் வேறுபாடு. அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அளவும் அதிகம் என்பதால் சூடாக நெடுநேரம் பிடிக்கும். அதனால் தோலைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதில் அது நுரையை எளிதில் வெல்கிறது. அந்தக் குளிர்ச்சியே மெலிந்த முதியவருக்குத் தீங்காகவும் முடியும்: அறை வெப்பத்தில் உள்ள நீர் இரவெல்லாம் உடற்சூட்டை உறிஞ்சினால் உடல் நடுங்கும், தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். எடை, கசிவு, அலையாட்டம், அவரைத் திருப்புவதில் உள்ள சிரமம் என்று நடைமுறைத் தொல்லைகளும் சேர்ந்து, இந்த மெத்தையைப் பெரும்பாலான இடங்களிலிருந்து விலக்கிவிட்டன.

மேலடுக்காக விரிக்கும் மருத்துவச் செம்மறித் தோல் இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒன்று. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில், மருத்துவத் தரத்தில் பதப்படுத்திய இயற்கைச் செம்மறித் தோல் படுக்கைப் புண்ணைக் குறைத்தது. கம்பளி இழைகள் ஈரத்தைத் தம்முள் வாங்கிக்கொண்டும் தொடுகைக்கு உலர்ந்தே இருப்பதும், இழைகளுக்கு இடையே காற்று நகர்வதும் அதன் பலம். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் செயற்கை இழைத் துணிக்கு அந்தக் குணம் கிடையாது. அதை வாங்கிவிட்டுச் செம்மறித் தோல் விரித்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பது ஆபத்து.

காற்று மெத்தைகள்

காற்று மெத்தை என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. குழப்பம் பெரும்பாலும் இதில்தான் நேர்கிறது.

முதல் வகையில் காற்றறைகள் ஒரே அளவில் உப்பியபடி இருக்கும்; உடல் அசைந்தால் காற்று ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்து உடலைத் தாங்கும். மின்சாரம் தேவைப்படாத வகைகளும் இதில் உண்டு. காற்றின் அளவு கூடினால் பலகைபோல விறைக்கும், குறைந்தால் உடல் அடியைத் தொட்டுவிடும். அதனால் அன்றாடம் சரிபார்க்க வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இந்த எளிய வகை நுரையைவிடப் புண்ணைக் குறைக்கக்கூடும் என்று குறிப்பிட்டது. சான்றின் உறுதி குறைவு என்றும் சேர்த்தே சொன்னது.

இரண்டாவது வகை, வீடுகளில் பரவலாகக் காணப்படும் மாறி மாறி உப்பும் மெத்தை. பம்பு ஒன்று ஒரு வரிசைக் குழாய்களில் காற்றை நிரப்பி, அடுத்த வரிசையில் காற்றை இறக்கும். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு முறை என்பது வழக்கமான சுழற்சி. அழுத்தத்தைப் பரப்புவதைவிட அதை இடம் மாற்றுவதே இதன் உத்தி. குழாயின் விட்டம் 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், காற்று இறங்கிய குழாயின் மேல் உள்ள உடற்பகுதியை விடுவிக்கும் அளவுக்கு அடுத்த குழாய் உயராது. மலிவான குமிழ் மெத்தைகளின் குறை இதுவே. வெப்பத்தைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: பம்பு ஓடுவதால் உடலுக்குக் காற்றுப் படுகிறது என்று பலர் நம்புகிறார்கள். மூடிய பிவிசி குழாய்க்குள் சுற்றும் காற்று தோலைத் தொடுவதே இல்லை. குழாய் இறங்கும் சில நிமிடங்களில் தோல் சற்று விலகி மூச்சுவிடுகிறது என்பதைத் தவிர, இந்த மெத்தையின் மேற்பரப்பு சூட்டையும் ஈரத்தையும் தேக்கும் பிளாஸ்டிக்தான்.

லோ ஏர் லாஸ் எனப்படும் மூன்றாவது வகையில்தான் காற்று உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆவியை ஊடுருவ விடும் உறைக்கு அடியில் இடைவிடாது காற்று ஓட, தோலிலிருந்து எழும் ஈரம் உறையைக் கடந்து அந்த ஓட்டத்தில் கலந்து வெளியேறுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆகவே ஈரத்தை அகற்றுவது சூட்டையும் அகற்றுகிறது. அமிழ்தலும் காற்றோட்டமும் சேர்ந்து கிடைப்பது இங்கேதான் என்பதால், மேலே சொன்ன முடிச்சை ஓரளவு அவிழ்க்கும் வகை இது என்பது என் மதிப்பீடு. விலை, இரைச்சல், இடைவிடாத மின்தேவை ஆகியவை இதன் சுமைகள். மற்ற நல்ல மெத்தைகளைவிடப் புண்ணை இது அதிகமாகத் தடுக்கிறது என்று நிலைநாட்டும் பெரிய ஆய்வுகள் இல்லை. தோலை உலர்வாக வைப்பது மட்டும் தெளிவு.

நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றால் மிதக்கவைக்கும் கட்டில்களும் உண்டு. ஏற்கெனவே பெரிய புண் உள்ளவர்களுக்கும் ஒட்டுத்தோல் அறுவை செய்தவர்களுக்கும் மருத்துவமனையில் பயன்படுவது அது. வீட்டுத் தேர்வுக்குள் வராது.

ஆய்வுகள் எதைத் தீர்த்துவைத்தன?

மாறி மாறி உப்பும் மெத்தைதான் சிறந்தது என்ற நம்பிக்கையைப் பிரிட்டனில் இரண்டு பெரிய ஆய்வுகள் சோதித்தன. 2006-இல் வெளியான முதல் ஆய்வில் 1,972 நோயாளிகள் பங்கேற்றார்கள். நுரையின் மேல் விரிக்கும் மேலடுக்குக் காற்று மெத்தை, முழுக் காற்று மெத்தை என்ற இரண்டிலும் புதிய புண் வந்தவர்கள் முறையே 10.7, 10.3 சதவீதம். 2019-இல் வெளியான இரண்டாவது ஆய்வு, 2,029 பேரிடம் காற்று மெத்தையையும் உயர்தர நுரையையும் ஒப்பிட்டது: காற்று மெத்தையில் 6.9 சதவீதம் பேருக்கும் நுரையில் 8.9 சதவீதம் பேருக்கும் புண் வந்தது. முதன்மைப் பகுப்பாய்வில் அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறவில்லை. இந்த எண்களை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நல்ல நுரை மெத்தையில், திருப்பிவிட ஆள் இருக்கும் இடத்தில் படுத்திருப்பவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர். காற்று மெத்தை வாங்க முடியவில்லையே என்று குற்ற உணர்வோடு இருக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

திருப்பிவிடுதலும் மெத்தையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். 1944-இல் பிரிட்டனின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மான், இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைத் திருப்பச் செய்தார். அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், அடர்நுரை மெத்தையில் படுத்தவர்களை 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பியபோது புண் வருவதில் வேறுபாடு காணப்படவில்லை. நல்ல மெத்தை, பராமரிப்பவருக்கு இரவில் ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கூடுதலாகத் தரக்கூடும். திருப்பும் வேலையிலிருந்து விடுதலை தராது.

மெத்தைக்கு மேலே விரிப்பவை

என் தந்தை பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த முதல் மாதம், நல்ல காற்று மெத்தை ஒன்றை வாங்கிப் போட்டோம். நனைந்துவிடக் கூடாது என்று அதன் மேல் ஒரு ரப்பர் ஷீட். அது உறுத்தக் கூடாது என்று நான்காக மடித்த ஒரு பருத்தி விரிப்பு. அதன் மேல் நனைந்தால் உறிஞ்சும் பட்டை. அதற்கும் மேல் டயப்பர். பன்னிரண்டாம் நாள் இரவு அவரைத் திருப்பியபோது முதுகடித் தோல் ஊறி, விரிப்பின் மடிப்பு கோடுகோடாகப் பதிந்திருந்தது; தொட்டால் சுற்றியிருந்த தோலைவிடச் சூடாக இருந்தது. பம்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தைக்கும் அவருக்கும் நடுவே நாங்களே ஒரு சுவரை எழுப்பியிருந்தோம். மறுநாள் காலையில் ரப்பர் ஷீட்டை எடுத்துவிட்டு ஒரே ஒரு தளர்வான பருத்தி விரிப்பைப் போட்டு, படுத்திருக்கும்போது டயப்பரைத் திறந்து வைத்தோம். மூன்று நாளில் தோல் பழைய நிலைக்குத் திரும்பியது. அன்று பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

உறை மெத்தையின் ஓர் அங்கம். ரெக்சின் போன்ற தடித்த, நீளாத உறை இருந்தால் உள்ளே எவ்வளவு உயர்ந்த நுரை இருந்தாலும் உடல் ஏணையில் கிடப்பதுபோல இழுபட்டுத் தொங்கும். நுரையின் மென்மை உடலைச் சேராது. இருபுறமும் நீளக்கூடிய, நீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடக்கூடிய பாலியூரித்தேன் பூசிய பின்னல் துணி உறையே தேவை. விரிப்பை இறுக்கிச் செருகினாலும் அதே ஏணை விளைவுதான். உறையின் ஜிப்பைச் சில வாரங்களுக்கு ஒரு முறை திறந்து உட்புறம் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறை இருந்தால் உறை கசிகிறது, நுரை ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள்.

யாருக்கு எது?

கொஞ்சமேனும் தானாகப் புரளக்கூடியவர், சிறுநீர் கட்டுப்பாடு உள்ளவர், வியர்வை குறைவானவர் என்றால், ஆவி விடும் உறையோடு கூடிய உயர்தர நுரையை முதல் தேர்வாகச் சொல்வேன். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எழுவதற்கும் உறுதியாக இருக்கும். உடலை அறவே அசைக்க முடியாதவருக்கும், உணர்ச்சியற்ற தண்டுவடக் காயம் உள்ளவருக்கும், இரவில் அடிக்கடி திருப்ப ஆள் இல்லாத வீட்டுக்கும், அகலமான குழாய்கள் கொண்ட மாறி மாறி உப்பும் மெத்தை பொருந்தும். மின்சாரம் நின்றால் காற்று எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும். அசைவின்மையோடு தொடர்ந்த காய்ச்சலோ, அதிக வியர்வையோ, கட்டுப்பாடற்ற சிறுநீர்ப் போக்கோ சேர்ந்திருந்தால், காற்றோட்டமுள்ள லோ ஏர் லாஸ் மெத்தைக்குச் செலவிடுவது தகும்; வாங்க இயலாவிட்டால் வாடகைக்கு எடுக்கலாம். இறுதி நாட்களில் இருப்பவருக்கு, பம்பின் அதிர்வும் குழாய்களின் ஏற்ற இறக்கமும் வலியைக் கூட்டினால், புள்ளிவிவரத்தை விட்டுவிட்டு அவருக்கு எது சுகமோ அதைக் கொடுப்பதே முறை.

நடுவில் ஓட்டை விட்ட வளைய மெத்தைகள் எவருக்கும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நெரித்து, நடுவில் உள்ள திசுவை வீங்கவைக்கிறது. குதிகாலுக்கு எந்த மெத்தையும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கெண்டைக்கால் முழுவதையும் தாங்கும்படி தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். தலைமாட்டை, உணவு கொடுக்கும் நேரம் நீங்கலாக, 30 டிகிரிக்கு மேல் உயர்த்தாமல் இருந்தால் இழுவிசை குறையும்.

மெத்தையைப் போட்ட அன்றே ஒரு சோதனை செய்யலாம். காற்று மெத்தை என்றால், அவர் படுத்திருக்கும்போது முதுகடிக்கு நேர் கீழே மெத்தையின் அடியில் கையை நுழைக்க வேண்டும். கைக்கும் உடலுக்கும் நடுவே உப்பிய காற்று குறைந்தது 2.5 சென்டிமீட்டர் இல்லாவிட்டால் உடல் அடிதட்டுகிறது, காற்றைக் கூட்ட வேண்டும். பிறகு முதல் மூன்று இரவுகள், திருப்பும் ஒவ்வொரு முறையும் தோலைப் பார்க்க வேண்டும். வெளிர்நிறத் தோலில், விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காத சிவப்பே முதல் அறிகுறி. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே கண்ணைவிடக் கைக்கே வேலை அதிகம். தாய்லாந்தில் நரம்புப் பாதிப்புள்ள நோயாளிகளிடம் நடந்து 2005-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், புண் தோன்றுவதற்கு முன்பே முதுகடித் தோலின் வெப்பநிலை ஏறியிருந்தது. புறங்கையை முதலில் முதுகடியிலும், அடுத்து ஒரு சாண் தள்ளி விலாவின் மேலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முதுகடி கூடுதலாகச் சுட்டாலோ, வழக்கத்தைவிடச் சில்லென்று இருந்தாலோ, சுற்றியுள்ள சதையைவிடக் கெட்டியாகவோ சேறுபோலக் குழைவாகவோ தட்டுப்பட்டாலோ, அந்தப் பக்கம் மறுபடி படுக்கவைக்காமல், அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். அதே வேளையில் மெத்தையின் மேல் என்னென்ன விரித்திருக்கிறது என்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.